கொழுந்து வெளுக்கிறதா, அடி இலை வெளுக்கிறதா?

கேள்வி: அக்கா, வணக்கம். மொட்டை மாடியில் நான்கு வருடமாக ஒரு எலுமிச்சை வைத்திருக்கிறேன். 20 லிட்டர் பெயின்ட் வாளியில்தான் இருக்கிறது. போன வருடம் முப்பது, நாற்பது காய் கொடுத்தது. இந்தச் சித்திரையிலிருந்து புதிதாக வரும் இலையெல்லாம் மஞ்சளாக வருகிறது. நரம்பு மட்டும் பச்சைக் கோடு போட்டதுபோல் தெரிகிறது. சில இலைகளில் நுனி கருகியிருக்கிறது. பூ வைத்து உதிர்ந்துவிடுகிறது. யூடியூபில் பார்த்து எப்சம் உப்பு இரண்டு தடவை போட்டேன். வாரா வாரம் முட்டை ஓட்டுப் பொடி போடுகிறேன். இரும்புச் சத்துக்காகத் துருப்பிடித்த ஆணி நான்கைந்தை மண்ணில் சொருகி வைத்தேன். தண்ணீருக்குக் குறையே இல்லை. ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று காலை, மாலை இரண்டு வேளையும் அதைத்தான் ஊற்றுகிறேன். மாமியார், "பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு வை" என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. காப்பாற்ற முடியுமா?
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: காப்பாற்றலாம். பிடுங்க வேண்டாம். மாமியாரிடம் இரண்டு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டிய விஷயத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். வெளுப்பது புது இலை, பச்சையாக நிற்பது நரம்பு. பாதிப் பேர் "இலை மஞ்சளாகிறது, என்ன போடலாம்?" என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். எந்த இலை என்று தெரியாமல் நான் எதைச் சொல்ல?

எங்கள் அப்பாவுக்குப் புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோட்டம் இருந்தது. மரம் வாடினால் முதலில் கிளை நுனியிலிருந்து ஒரு இலை, கிளையின் அடியிலிருந்து ஒரு இலை பறிப்பார். இரண்டையும் சேர்த்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். அதற்கப்புறம்தான் பேச்சு. பிற்பாடு நான் இருபத்தாறு வருடம் ஒட்டுக் கன்று நாற்றங்கால் நடத்தியபோது அவர் செய்ததன் காரணம் புரிந்தது. தழைச்சத்தும் மக்னீசியமும் மரத்துக்குள் நகரக்கூடியவை. தட்டுப்பாடு வந்தால் மரம் பழைய இலையிலிருந்து உருவிக் கொழுந்துக்குக் கொடுத்துவிடும். அதனால் அடி இலைதான் வெளுக்கும். இரும்பு அப்படி இல்லை. ஒரு இலைக்குப் போய்ச் சேர்ந்த இரும்பு அங்கேயே தங்கிவிடும். வேரிலிருந்து புதிதாக வந்தால்தான் கொழுந்துக்கு உண்டு. வரத்து நின்றால் பழைய இலை பச்சையாகவே இருக்க, கொழுந்து மட்டும் வெளிறிப் பிறக்கும். உங்கள் மரத்துக்கு நடந்திருப்பது இதுதான்.

அப்படியானால் ஆணி சொருகியது சரிதானே என்று கேட்பீர்கள். உங்கள் வாளியில் செம்மண் இருக்கும் என்று நினைக்கிறேன். செம்மண்ணின் சிவப்பே இரும்புதான். அதில் இல்லாத இரும்பா நான்கு ஆணியில் இருக்கிறது? மண்ணில் இரும்பு ஏராளமாக இருந்தும் வேரால் எடுக்க முடியவில்லை. தட்டு நிறையச் சோறு, வாயைத் திறக்க முடியவில்லை என்பதுபோல. வாயைக் கட்டியிருப்பது சுண்ணாம்பு. எலுமிச்சைக் குடும்பத்துக்கு மண் கொஞ்சம் புளிப்பாக இருக்க வேண்டும். புளிப்பையும் அதற்கு எதிரான காரத்தையும் அளக்கும் பி.எச். கணக்கில் 5.5 முதல் 6.5 வரை இருந்தால் நல்லது. எண் கூடக் கூடக் காரம். 7.5-ஐத் தாண்டினால் இரும்பு கரையாமல் இறுகிப்போகும். துருவும் அதே மாதிரி கரையாத இரும்புதான். ஆணியை எடுத்துவிடுங்கள். களை பிடுங்கும்போது கையில் குத்தப்போகிறது.

சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? ஒரு பங்கு முட்டை ஓட்டிலிருந்து. முட்டை ஓடு என்பது முழுக்கச் சுண்ணாம்புச் சத்து. புளிப்பான மண்ணுக்கு அது நல்லதுதான். ஏற்கெனவே காரமான மண்ணில் போடுவது நோயை வளர்ப்பது. அடுப்புச் சாம்பலும் இப்படித்தான். ஆனாலும் முட்டை ஓடு மெதுவாகத்தான் கரையும், அதன்மேல் முழுப் பழியையும் போட மாட்டேன். பெரிய பங்கு தண்ணீருடையது.

இதை நான் ஒரு மரத்தைப் பலி கொடுத்துக் கற்றுக்கொண்டேன். ஏழு வருடத்துக்கு முன் மகன் வீட்டுக்குத் தாம்பரம் வந்தபோது, நான் கட்டிய ஒட்டுக் கன்றுகளில் மூன்றை ஊர் மண்ணோடு கொண்டுவந்தேன். முதல் வருடம் நன்றாக இருந்தன. இரண்டாம் கோடையில் மூன்றுக்கும் கொழுந்து வெளுத்தது. இத்தனை வருட அனுபவம் இருந்தும், தொட்டி மண்ணில் சத்து தீர்ந்துவிட்டது என்று நினைத்துப் புண்ணாக்குக் கரைசலை மேலும் மேலும் ஊற்றினேன். ஒரு கன்று வேர் கருகிச் செத்தது. மீதி இரண்டில் ஒன்று திறந்த மாடியிலும் இன்னொன்று சன்ஷேடுக்குக் கீழேயும் இருந்தன. ஐப்பசி மழை வந்தது. கார்த்திகை பிறப்பதற்குள் திறந்த மாடியில் இருந்த மரத்தில் பச்சைப் பசேலென்று துளிர். சன்ஷேடுக்குக் கீழே இருந்தது அப்படியே மஞ்சளாக நின்றது. இரண்டுக்கும் ஒரே மண், ஒரே உரம், ஒரே கை. ஒன்று மழைத் தண்ணீர் குடித்தது, மற்றது போர் தண்ணீர் குடித்தது. அன்றைக்குத்தான் எனக்குக் கண் திறந்தது. கண்ணுக்கெதிரே செத்த அந்தக் கன்றை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

சென்னையில் பல இடங்களில் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று ஹீட்டர் காயிலைப் பார்த்தாலே தெரியும். வெள்ளை வெள்ளையாகப் பொருக்கு கட்டியிருக்கும். அதே படிவம்தான் தினமும் உங்கள் வாளி மண்ணிலும் சேர்கிறது. வாளி விளிம்பிலும் மண்மேலும் வெள்ளைப் பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள், கட்டாயம் இருக்கும். நீங்கள் ஊற்றுவதோ சாதாரண போர் தண்ணீர்கூட இல்லை, ஆர்.ஓ. கழிவு. அந்த இயந்திரம் ஒரு குடம் குடிநீர் எடுக்க இரண்டு, மூன்று குடத்தை வெளியே தள்ளுகிறது. குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அந்த வெளியே போகிற தண்ணீரில்தான் இருக்கிறது. தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற உங்கள் எண்ணத்தை நான் மதிக்கிறேன். நானும் தண்ணீர்க் கஷ்டம் பார்த்த ஊர்க்காரிதான். அதை மாடி கழுவவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை மரம் உப்பைத் தாங்காது. இலை நுனி கருகியிருப்பது அதனால்தான். இதற்குமேல் எப்சம் உப்பையும் போட்டிருக்கிறீர்கள். அது மக்னீசியம் குறைந்த மரத்துக்கு மருந்து. உங்கள் மரத்துக்கு அது மேலும் கொஞ்சம் உப்பு, அவ்வளவுதான்.

என் கணிப்பை அப்படியே நம்ப வேண்டாம். மரத்திடமே கேட்டுவிடுங்கள். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேளுங்கள். தண்ணீரில் கரையும் இரும்பு உப்பு அது (ஃபெரஸ் சல்பேட்). இளம்பச்சை நிறத்தில் படிகமாக இருக்கும். பழுப்பாகிப் போயிருந்தால் வாங்காதீர்கள், அது பழசு. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு கொஞ்சம் வாங்குங்கள், சிட்ரிக் அமிலம் என்றாலும் கொடுப்பார்கள். கால் லிட்டர் குடிநீரில் முதலில் ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பு, பிறகு கால் தேக்கரண்டி அன்னபேதி போட்டுக் கரையுங்கள். சாயங்காலம் வெயில் இறங்கியதும் பஞ்சில் தொட்டு ஒரே ஒரு கிளையின் வெளுத்த இலைகளில் இரண்டு பக்கமும் தடவுங்கள். அந்தக் கிளையில் ஒரு நூல் கட்டுங்கள். பத்து முதல் பதினான்கு நாளில் தடவிய இடம் மட்டும் பச்சை பிடித்தால் நோய் இரும்புக் குறைவுதான் என்று உறுதி. சில சமயம் துளி பட்ட இடத்தில் மட்டும் பச்சைப் புள்ளி விழும். இரும்பு நகராது என்றேனே, அதைக் கண்ணால் பார்க்கலாம். கரைசல் தரையில் பட்டால் துருக்கறை போகாது, கீழே ஒரு சாக்கு போட்டுக்கொள்ளுங்கள்.

பலன் தெரிந்தால் மரம் முழுவதற்கும் தெளிக்கலாம். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி, 1 கிராம் எலுமிச்சை உப்பு, அவ்வப்போது கரைத்து அன்றைக்கே தெளித்துவிட வேண்டும். பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு முறை போதும். மதிய வெயிலில் தெளித்தால் இலை கருகும். அன்னபேதியை மண்ணில் போட்டுப் பிரயோசனமில்லை, இரண்டு நாளில் அதுவும் இறுகிவிடும். மண்ணில் ஊற்றத்தான் வேண்டுமென்றால் உரக் கடையில் இரும்பு கீலேட் கேளுங்கள், மண்ணில் இறுகாமல் இருக்க வேறொரு பொருளோடு பிணைத்த இரும்பு அது. அதில் இ.டி.டி.ஏ., இ.டி.டி.எச்.ஏ. என்று இரண்டு வகை உண்டு. பெயர் ஒன்றுபோலவே இருப்பதால் கடைக்காரரே மாற்றிக் கொடுத்துவிடுவார். எனக்கு அப்படி நடந்து ஒரு கோடை முழுவதும் வீணாய்ப் போனது. முதல் வகை காரமான மண்ணில் தாக்குப்பிடிக்காது. இரண்டாவதுதான் நமக்கு வேண்டியது. தண்ணீரில் போட்டால் பீட்ரூட் சாறு மாதிரி சிவக்கும். விலை அதிகம், ஆனால் ஒரு தொட்டிக்குக் கொஞ்சம்தான் ஆகும். பாக்கெட்டில் போட்ட அளவைத் தாண்டாதீர்கள்.

இதெல்லாம் தற்காலிகம். தண்ணீரை மாற்றாவிட்டால் அடுத்த துளிரும் மஞ்சளாகத்தான் வரும்.

மெட்ரோ தண்ணீர் வந்தால் அதை ஊற்றுங்கள். ஏ.சி. ஓடும் வீடென்றால் அந்தக் குழாய்க்குக் கீழே ஒரு வாளி வையுங்கள். கோடையில் ஒரு ராத்திரிக்கு நாலைந்து லிட்டர் சேரும், அதில் உப்பே கிடையாது. எதுவும் இல்லை, போர் தண்ணீர்தான் என்றால், பத்து லிட்டர் வாளிக்கு அரைத் தேக்கரண்டி எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றுங்கள். பி.எச். பார்க்கும் தாள் மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும். நனைத்துப் பாருங்கள், 6-க்கும் 6.5-க்கும் நடுவில் இருந்தால் சரி. கூடினால் கால் தேக்கரண்டி சேர்த்துக்கொள்ளுங்கள். இது சுண்ணாம்பை மட்டும்தான் அடக்கும், உப்புக் கரிக்கிற தண்ணீரை இனிப்பாக்காது. வாயில் வைத்தாலே கரிக்கும் போர் என்றால் அதை விட்டுவிடுங்கள்.

அப்புறம் அந்த வாளி. நான்கு வருடமாக ஒரே மண், 20 லிட்டர். வேர் சுற்றிச் சுற்றி உறைந்திருக்கும். ஆனால் இப்போது, இந்த வெயிலில் பிரிக்க வேண்டாம். முதலில் உப்பைக் கழுவுங்கள். வாளியின் ஓட்டைகள் அடைந்திருக்கின்றனவா என்று கம்பியால் குத்திப் பார்த்துவிட்டு, நல்ல தண்ணீர் 40 லிட்டரை ஒரு காலையில் மெதுவாக, விட்டு விட்டு ஊற்றி அடியில் வழியவிடுங்கள். கீழே தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். வழிந்த உப்புத் தண்ணீரை வேர் திரும்பக் குடிக்கக் கூடாது. அதற்கப்புறம் காலை, மாலை ஊற்றுவதை நிறுத்துங்கள். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரம் இல்லாவிட்டால் மட்டும் ஊற்றுங்கள். வெயில் காலத்தில் தினம் ஒரு வேளை தேவைப்படலாம், மழை நாளில் ஒரு வாரம்கூடத் தேவைப்படாது.

ஆடி, ஆவணியில் வெயில் தணிந்ததும் 18 அங்குலத் தொட்டிக்கு மாற்றுங்கள். செம்மண் இரண்டு பங்கு, தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, அலசிய மணல் ஒரு பங்கு, இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. மாற்றும்போது வேரைப் பாருங்கள். வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருந்தால் உயிருள்ள வேர். கறுத்து, நாற்றமடித்து, இழுத்தால் தோல் உருவிக்கொண்டு உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால் அது அழுகிய வேர். அதை வெட்டிவிடுங்கள், வெட்டிய அளவுக்கு மேலே கிளையையும் குறையுங்கள். ஒட்டுக் கட்டிய முடிச்சு மண்ணுக்கு மேலேதான் இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் தொட்டியைத் திறந்த வெளியில் வைத்து மழையை முழுசாக வாங்கவிடுங்கள்.

ரொம்ப வெளுத்த இலைகள் பச்சைக்குத் திரும்பாமலே போகலாம். அவற்றைப் பார்த்து மனம் விட வேண்டாம், பிய்த்துப் போடவும் வேண்டாம். மஞ்சள் இலையும் கொஞ்சம் சமைத்துக்கொண்டுதான் இருக்கும். அடுத்து வரும் கொழுந்தைப் பாருங்கள். இந்த வருடம் பூ வந்தாலும் காய்க்கு ஆசைப்படாமல் கிள்ளிவிடுங்கள்.

கேள்வி: அக்கா, தொட்டியில் வைத்த சாத்துக்குடியில் முதன்முறையாகப் பதினான்கு காய் நிற்கிறது. கொழுந்து நன்றாக இருக்கிறது. ஆனால் காய் இருக்கும் கிளைகளில் அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகின்றன. காம்புப் பக்கம் மட்டும் முக்கோணமாகப் பச்சை மிஞ்சுகிறது. வெறும் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்துதான் வைத்தேன். சிறுவாணித் தண்ணீர்தான் ஊற்றுகிறேன்.
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கொடுத்து வைத்தவர் நீங்கள். அந்தத் தண்ணீருக்கு மடிப்பாக்கத்து வாசகி ஏங்கிப்போவார். உங்கள் மரத்தில் குறைவது மக்னீசியம். தலைகீழாகப் பிடித்த 'வி' மாதிரி காம்பருகே பச்சை நிற்பது அதன் கையெழுத்து. சிறுவாணித் தண்ணீர் மென்மையானது, அதில் தாதுச் சத்து குறைவு. நார்க்கழிவிலும் பெரிதாக எதுவும் இல்லை. பதினான்கு காயும் கேட்கிறபோது மரம் அடி இலையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. மேலே நான் வேண்டாம் என்று சொன்ன எப்சம் உப்பு உங்களுக்கு வேண்டும். லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, பதினைந்து நாளைக்கு ஒரு முறையாக மூன்று தடவை இலையில் தெளியுங்கள். பாதிக் காயைப் பறித்துவிட்டால் இன்னும் நல்லது. அடுத்த முறை மண் மாற்றும்போது இரண்டு பங்கு செம்மண் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் எலுமிச்சையில் உள்பக்கத்து இலைகள் மாதத்துக்கு நாலைந்து மஞ்சளாகி விழுகின்றன. கொழுந்தும் மற்ற இலைகளும் பச்சையாகத்தான் இருக்கின்றன. என்ன மருந்து?
– வாசகி, திருச்சி

பதில்: மருந்தே வேண்டாம். எலுமிச்சை இலைக்கும் ஆயுசு உண்டு, ஒன்றிரண்டு வருடம். வயதானது விழுகிறது. நாலைந்து நாற்பது, ஐம்பது ஆனால் எழுதுங்கள்.

கேள்வி: வணக்கம் அம்மா. ஐந்து வருட நார்த்தை, பெரிய சிமென்ட் தொட்டியில் இருக்கிறது. ஒரே ஒரு கிளையில் மஞ்சள் ஆரம்பித்து இப்போது பக்கத்துக் கிளைக்கும் வந்துவிட்டது. நரம்பைக் கணக்கில் வைக்காமல் திட்டுத் திட்டாக இருக்கிறது. இரும்பு, துத்தநாகம் எல்லாம் தெளித்துவிட்டேன். காய் ஒரு பக்கம் கோணலாக இருக்கிறது. பக்கத்தில் கறிவேப்பிலை மரமும் இருக்கிறது. அதையும் பார்க்க வேண்டுமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: தம்பி, இந்தக் கடிதத்தைப் படித்து எனக்குக் கவலையாகிவிட்டது. சத்துக் குறைவு என்றால் இலையின் இரண்டு பாதியும் கண்ணாடியில் பார்த்ததுபோல ஒரே மாதிரி வெளுக்கும். நீங்கள் ஒன்று செய்யுங்கள். மஞ்சள் இலை ஒன்றைப் பறித்து, நடு நரம்புக்கு இடப்பக்கம் பேனாவால் ஒரு வட்டம் போடுங்கள். வலப்பக்கம் அதே இடத்தில் இன்னொரு வட்டம். ஒன்றில் மஞ்சளும் மற்றதில் பச்சையுமாக இருந்தால், பத்து இலையில் பார்த்தும் அப்படியே இருந்தால், இது பசுமை நோயாக இருக்கலாம். கோணல் காயும், ஒரு கிளையில் தொடங்கிப் பரவுவதும் அந்தப் பக்கம்தான் கை காட்டுகின்றன. காயைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். விதை சுருங்கிக் கறுத்திருந்தால் சந்தேகம் இன்னும் கூடும்.

இது பாக்டீரியாவால் வருவது. சாற்றுக் குழாயை அடைத்துவிடும். பரப்புவது சைலிட் என்ற சின்னப் பூச்சி, எள்ளளவுதான் இருக்கும். கொழுந்தில் தலையைத் தாழ்த்தி வாலைத் தூக்கிச் சாய்ந்து உட்காரும். குஞ்சுகள் இருந்தால் வெள்ளை மெழுகு நூல் சுருண்டு தொங்கும். கறிவேப்பிலையும் எலுமிச்சைக் குடும்பம்தான், அந்தப் பூச்சி அதிலும் வளரும். அதனால் கட்டாயம் அதையும் பாருங்கள். வெட்ட வேண்டாம். பூச்சி இருக்கும் கொழுந்துகளைக் கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு அடித்து, துளிர் விடும் காலத்தில் வாரம் ஒரு முறை இரண்டு மரத்துக்கும் தெளியுங்கள்.

நோய் பிடித்த மரத்தைக் குணமாக்க இன்றுவரை மருந்து இல்லை. யாராவது மருந்து இருக்கிறது என்று விற்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஆனால் வெட்டுவதற்கு முன் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். வேர் அழுகலிலும் துத்தநாகக் குறைவிலும் மஞ்சள் திட்டு வரும். இலையை ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்தால்தான் முடிவாகத் தெரியும். இரண்டு மஞ்சள் கிளைகளிலிருந்தும் காம்போடு பத்து, பதினைந்து இலைகள் பறித்து, செய்தித்தாளில் சுற்றிப் பையில் போட்டு, உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துப் போங்கள். எங்கே சோதிப்பது என்று அவர்கள் வழி சொல்வார்கள். பதில் வரும்வரை அந்த மரத்திலிருந்து பதியன் போட்டு யாருக்கும் கொடுக்காதீர்கள், கேட்கிறவர் சொந்தக்காரராக இருந்தாலும். கத்தரியை ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். காயைப் பறித்து ஊறுகாய் போட்டுக்கொள்ளலாம், உடம்புக்கு எதுவும் செய்யாது.